வித்தவுட்டா, பாஸா? மும்பை லோக்கலில் ஒரு வரவு செலவுக் கணக்கு

என் மச்சினன் மாட்டுங்காவில் குடியிருக்கிறான். தாதர் வரை நடந்துபோய், ஃபாஸ்ட் வண்டி பிடித்து விடியில் இறங்குவான். (விக்டோரியா டெர்மினஸ் என்ற ஸ்டேஷன் பெயர் எப்போதோ மாறிவிட்டது. நம்மாட்களுக்கு அது இன்னும் விடிதான்.) போன மாதம் வீட்டுக்கு வந்தவன், சாப்பிட்டுக்கொண்டே பெருமையாகச் சொன்னான்: "அத்தான், நாலு மாசமா வித்தவுட்தான். ஒரு தடவைகூட டிக்கெட் பார்க்கற டிசி கையில சிக்கல. கணக்குப் போட்டுப் பாருங்க, லாபம்."

சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

முதலில் அபராதம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138ஆம் பிரிவுப்படி, டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் பயணக் கட்டணத்தையும் கட்ட வேண்டும், அதற்கு மேல் ஒரு தொகையும் கட்ட வேண்டும். அந்தத் தொகை கட்டணத்தின் அளவு அல்லது 250 ரூபாய், இதில் எது அதிகமோ அது. முன்பு 50 ஆக இருந்ததை 2004இல்தான் 250 ஆக்கினார்கள். லோக்கலில் செகண்ட் கிளாஸ் கட்டணம் 250 பக்கமே வராது என்பதால் இங்கே எப்போதும் 250தான். எங்கே ஏறினோம் என்று நிரூபிக்க முடியாவிட்டால் வண்டி புறப்பட்ட இடத்திலிருந்து கட்டணம் போடலாம். "தாதர்லதான் சார் ஏறினேன்" என்பது சாட்சியமாகாது.

தாதரிலிருந்து விடிக்கு டிக்கெட் 5 ரூபாய். மாதம் 26 நாள், போக வர 52 பயணம், ஆக 260 ரூபாய். ஒருமுறை மாட்டினால் 255. மாதம் ஒருமுறை மாட்டினாலும் கையைக் கடிக்காது, மாட்டாத மாதமெல்லாம் லாபம். மச்சினனின் கணக்கு இவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் தினமும் போகிறவன் யார் இங்கே ஒற்றை டிக்கெட் எடுக்கிறான்? அதே தூரத்துக்கு மாதப் பாஸ் 100 ரூபாய். வித்தவுட்டை நிறுத்திப் பார்க்க வேண்டியது பாஸுக்குப் பக்கத்தில். அப்படிப் பார்த்தால் ஒரு அபராதம் என்பது இரண்டரை மாதப் பாஸ். இரண்டு மாதத்தில் ஒரே ஒரு தடவை சிக்கினால்கூடக் கொஞ்சம் நஷ்டம்தான். தப்பித்தால் மிச்சம் நாளைக்கு நாலு ரூபாய்கூட இல்லை. அதற்காகத் தாதர் பாலத்தில் வெள்ளைச் சட்டையைக் கண்டதும் படியில் நின்று, செருப்பு அறுந்ததுபோல் குனிந்து, கூட்டத்தில் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் பதுங்கி... டிசிக்காரர்கள் டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

தாணேயிலிருந்து வரும் எனக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். ஒற்றை டிக்கெட் 15, பாஸ் 215, மாட்டினால் 265. ஐந்து வாரத்துக்கு ஒருமுறைக்குள் மாட்டினால் பாஸ் மலிவு, அதற்கும் அரிதாக மாட்டினால் வித்தவுட் மலிவு. தூரம் கூடக் கூட அபராதத்தின் பல் மழுங்குகிறது. 250 அப்படியே நிற்கிறது, அது காக்க வேண்டிய தொகைதான் ஏறிக்கொண்டே போகிறது.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் ஃபர்ஸ்ட் கிளாஸுக்குப் போக வேண்டும். ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸ், செகண்ட் கிளாஸைப் போல மூன்று மடங்குக்கும் மேல். தாணே ஆசாமி ஒருவர் 215 ரூபாய்ப் பாஸை வைத்துக்கொண்டு தினமும் ஃபர்ஸ்ட் கிளாஸில் ஏறுகிறார் என்று வையுங்கள். மாதம் நானூறுக்கு மேல் மிச்சம். சிக்கினால் 250, கூடவே கட்டண வித்தியாசம். 2022 மே மாதம் ஃபர்ஸ்ட் கிளாஸ் ஒற்றை டிக்கெட் விலையைப் பாதியாகக் குறைத்துவிட்டதால் அந்த வித்தியாசமும் நூறு ரூபாய்க்குள்தான். மாதா மாதம் ஒருமுறை தவறாமல் மாட்டினாலும் அவருக்கு லாபம்! ஏசி லோக்கலில் ஆசை இன்னும் பெரிது, தாணே-விடி ஏசி பாஸ் ஆயிரத்தைத் தாண்டும். ஏசி வண்டியில் டிசிக்குச் சாதகமான விஷயம் ஒன்றுதான்: கதவு மூடியிருக்கும், ஓடும்போது குதிக்க முடியாது.

ஐந்து ரூபாய் கொடுக்காதவனை மிரட்டுகிற அபராதம், ஆயிரம் ரூபாய் கொடுக்காதவரைச் சும்மா தட்டிவிட்டுப் போகிறது. எனக்கு உறுத்துவது இதுதான். கட்ட முடியாதவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம், பத்து நாளிலிருந்து ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. அந்த வரிசையில் யார் நிற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏமாற்றும் நோக்கத்தோடுதான் ஏறினான் என்று வந்தால் அது 137ஆம் பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கம்ப்யூட்டரில் போலிப் பாஸ் செய்து காட்டும் புத்திசாலிகளுக்கு இதற்கும் மேலே தனி வழக்கு காத்திருக்கிறது.

கட்காபர் ஸ்டேஷனில் நின்றால் வேறு ஒரு வழியும் கண்ணில் படும். பாலத்தின் ஒரு பக்கம் லோக்கல், நுழைவுக் கதவு கிடையாது, யாரும் எங்கும் போகலாம். இன்னொரு பக்கம் 2014இல் வந்த வெர்சோவா மெட்ரோ, டிக்கெட்டோ கார்டோ காட்டாமல் கதவு திறக்காது. மெட்ரோ சட்டத்தில் எழுதியிருக்கும் அபராதம் கட்டணத்தோடு 50 ரூபாய்தான், லோக்கலில் ஐந்தில் ஒரு பங்கு. அங்கே காவல் வேலையைக் கதவே செய்துவிடுகிறது. லோக்கலுக்கும் கதவு வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் காலை ஒன்பது மணிக்குத் தாதர் பாலத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வரட்டும்.

இங்கிலாந்தில் 2023 ஜனவரியில் அபராதத்தை 20 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக உயர்த்தினார்கள், கட்டணம் தனி. 21 நாளுக்குள் கட்டினால் பாதி போதும். ஸ்டாக்ஹோமில் இதற்கு நேரெதிராக ஒரு கூட்டம் 2001இல் கிளம்பியது. பெயர் பிளாங்கா. மாதச் சந்தா கட்டினால், வித்தவுட்டில் மாட்டும் உறுப்பினரின் அபராதத்தைச் சங்கமே கட்டும். ஏறக்குறைய நம் ஊர் ஏலச்சீட்டு மாதிரி. மச்சினனிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது, கண் பளபளத்துவிட்டது.

மத்திய ரயில்வே 2025இல் தடியை விட்டுக் கரும்பைக் கையில் எடுத்துப் பார்த்தது. டிக்கெட்டோ பாஸோ வைத்திருப்பவர்களுக்குக் குலுக்கல், தினம் 10,000 ரூபாய், வாரம் 50,000 ரூபாய். எனக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. ஒழுங்காகக் கட்டுகிறவனுக்கும் டிசியைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒரு காரணம் கிடைத்ததே.

நானும் ஒருமுறை கட்டியிருக்கிறேன். ஏமாற்றவில்லை, பாஸ் முந்தின நாளே முடிந்திருந்தது. நீட்டியபோது டிசி தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். இருபது வருஷப் பாஸ்காரன் என்று சொல்ல வாயெடுத்து, பின்னால் நின்றவர்கள் பார்க்கிறார்களே என்று பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். மறதிக்காரனும் தினசரி வித்தவுட்காரனும் அந்த மேசையில் ஒரே விலை. பாஸை நாள் முடிவதற்கு முன்பே புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதால் இப்போதெல்லாம் காலண்டரில் குறித்து வைக்கிறேன். போனில் பாஸ் எடுப்பவர்கள் கூடுதலாக இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: பேட்டரி இருக்க வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி மச்சினனிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தான். அடுத்த நாளே நூறு ரூபாய்க்குப் பாஸ் எடுத்துவிட்டான் என்று என் மனைவி சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. போன வாரம் தாதரில் தற்செயலாகப் பார்த்தேன். அந்தப் பாஸோடு ஃபர்ஸ்ட் கிளாஸில் ஏறிக்கொண்டிருந்தான்.