பல்கனிச் செடியில் சிற்றுண்ணி: கராம்பா, கறுவாவா, சிட்ரொனெல்லாவா, வேப்பெண்ணெயா?

பெப்ரவரி, மார்ச் வெயிலில், அதுவும் கொழும்பின் காலி வீதிப் புழுதி படிகிற பல்கனியில் ரோசாவும் கத்தரியும் வைத்திருப்பவர்களுக்கு இது பழகின தொல்லைதான். இலையில் ஊசி குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள், அடிப்பக்கம் மெல்லிய வலை. சிவப்புச் சிற்றுண்ணி வந்துவிட்டது. எட்டுக் கால், சிலந்திச் சாதி, பூச்சியே இல்லை. அதனால் கண்ட பூச்சிமருந்தையும் அடித்தால் அதைத் தின்கிற நல்ல பூச்சிகள்தான் முதலில் சாகும்.

சரி, எண்ணெய்களுக்கு வருவோம். கராம்பு எண்ணெய், கறுவா இலை எண்ணெய் என்று இரண்டையும் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், இரண்டிலும் வேலை செய்வது பெரும்பாலும் யூஜினோல் என்கிற ஒரே சரக்குத்தான். கறுவாப் பட்டை எண்ணெய் வேறு சாமான், விலையும் எங்கேயோ நிற்கும், அதைச் செடிக்கு ஊற்றவே வேண்டாம். யூஜினோல் பட்ட உடனே கொல்லும், ஆனால் இலையையும் சுடும். சில நாடுகளில் கராம்பு எண்ணெயைக் களைகொல்லியாகவே விற்கிறார்கள் என்றால் பாருங்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 1 மி.லீ., கூடினால் 2, அதுவும் முதலில் ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு. வீட்டில் பூனை இருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள், அதன் ஈரலுக்கு இது ஒத்துவராது.

சிட்ரொனெல்லா? வாசம் நல்லது. கடற்காற்று அடிக்கிற பல்கனியில் விடியுமுன்னே பறந்துவிடும். நுளம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேப்பெண்ணெய் உண்மையில் இந்தப் போட்டியிலேயே சேராது, வடித்தெடுக்கிற வாசனை எண்ணெய் இல்லை, விதையைப் பிழிந்து எடுப்பது. ஆனாலும் என் வாக்கு அதற்குத்தான். எண்ணெய்ப் படலம் சிற்றுண்ணியை மூச்சடைக்க வைக்கும், அதிலுள்ள அசாடிராக்டின் தோல் உரித்து வளர்வதைக் குழப்பும். மெதுவாகத்தான் கேட்கும், நாற்றத்துக்குப் பக்கத்து பிளாட்டில் முகம் சுளிப்பார்கள். லீற்றருக்கு 5 மி.லீ., கொஞ்சம் திரவ சவர்க்காரம், நன்றாகக் குலுக்கி, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடியில் படும்படி. வலை கட்டி நிலைமை முற்றிவிட்டால் மட்டும் முதல் தடவை கறுவா இலை எண்ணெய், அப்புறம் வேம்பு. எதை அடித்தாலும் முட்டை கொஞ்சம் தப்பும், நம் சூட்டில் சில நாளிலேயே பொரித்துவிடும், ஆகவே 5 முதல் 7 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை.

மிளகாயில் குருத்திலை கீழ்நோக்கிச் சுருண்டு, வலையும் இல்லை என்றால் அது மஞ்சள் சிற்றுண்ணியாக இருக்கலாம். குருத்துக்குள் ஒளிந்திருக்கும், மேலால் அடித்தால் எந்த எண்ணெயும் எட்டாது. நுனியை வெட்டி எறிந்துவிட்டு வேம்பைத் தொடங்குங்கள்.