ஒரே விண்ணப்பதாரர், மூன்று வாசல்கள்: ஐ.ஐ.எம்., ஐ.எஸ்.பி., ஹார்வர்டு

மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் இடம் கிடைக்குமா என்று கேட்டு வருவோருக்குப் பொதுவான ஒரு விடையைச் சொல்ல இயலாது. ஒரே மனிதரை ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு தராசில் நிறுக்கிறது. அண்மையில் என்னிடம் ஆலோசனைக்கு வந்த இளைஞர் ஒருவரை வைத்தே இதைப் பார்க்கலாம். வயது 27. இயந்திரவியல் பொறியாளர். ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஐந்தாண்டு அனுபவம். பத்தாம் வகுப்பில் 81 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பில் 76, மேலாண்மைப் படிப்புகளுக்கான பன்னாட்டு நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் 665. பி.சி. சான்றிதழ் இருந்தும், வசதி படைத்த குடும்பத்தினரை விலக்கும் கிரீமி லேயர் விதியால் மத்திய அரசின் 27 விழுக்காடு ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்குள் வராதவர்.

அகமதாபாத், பெங்களூர், கொல்கத்தா ஐ.ஐ.எம்.களின் இரண்டாண்டுப் படிப்புக்கு, மேலாண்மைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுத வேண்டும். ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் எழுதும் தேர்வில் 99 பர்சன்டைல் பெற்றாலும், சுமார் மூவாயிரம் பேர் முன்னால் நிற்பார்கள். அகமதாபாத்தில் இருப்பதோ 400 இடங்கள் அளவுதான். நேர்முகத்துக்கு அழைக்கும் கட்டத்திலேயே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களும் கணக்கில் சேர்கின்றன. பெங்களூர் நிறுவனம் அந்த மதிப்பெண்களை, அதே கல்வி வாரியத்தில் படித்து வந்த மற்ற விண்ணப்பதாரர்களின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதால், வாரியத்தைக் காரணம் காட்டியும் தப்ப முடியாது. பதினைந்து வயதில் எழுதிய தேர்வை இப்போது திருத்த வழியில்லை. அவரிடம் நான் தயங்காமல் சொன்னது: இந்த வாசலில் வாய்ப்பு மிகக் குறைவு, இதற்காக இன்னும் ஓராண்டைச் செலவிட வேண்டாம்.

ஆனால் அகமதாபாத்துக்கே இன்னொரு வாசல் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பி.ஜி.பி.எக்ஸ். எனப்படும் ஓராண்டுப் படிப்பு, குறைந்தது நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவர்களை ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணின் வழியே எடுத்துக்கொள்கிறது. அங்கே ஐந்தாண்டு ஓசூர் வாழ்க்கைக்குக் கூடுதல் மதிப்பு இருக்கும்.

ஐதராபாத்திலும் மொகாலியிலும் இயங்கும் ஐ.எஸ்.பி.யும் (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) ஜிமேட் மதிப்பெண்ணை ஏற்கிறது. அதன் ஓராண்டு பி.ஜி.பி. படிப்புக்கு இரண்டாண்டு அனுபவம் போதும். அவர் தமது 665 குறைவோ என்று அஞ்சினார். 205 முதல் 805 வரையிலான புதிய அளவுகோலில் 645 என்பதே பழைய 700க்கு ஏறத்தாழ ஈடானது. ஆகவே அச்சம் தேவையில்லை. எனக்குக் குறையாகப் பட்டது அவருடைய விண்ணப்பம்தான். "உற்பத்தித் திறனை மேம்படுத்தினேன்" என்று ஒரே வரியில் முடித்திருந்தார். எப்படி என்று விடாமல் கேட்டபோதுதான் விவரம் வந்தது: இரவு ஷிப்டில் பிரஸ் இயந்திரத்தில் உலோகத்தை வடிவமைக்கும் அச்சான டையை மாற்ற இரண்டு மணி நேரம் பிடித்திருக்கிறது, ஆட்கள் ஸ்பேனரைத் தேடி ஸ்டோருக்கும் இயந்திரத்துக்கும் நடந்துகொண்டே இருந்திருக்கிறார்கள், இவர் வேலை நடக்கும் வரிசைப்படி கருவிகளை ஒரு டிராலியில் அடுக்கி வைத்து, அந்த நேரத்தை ஐம்பது நிமிடமாகக் குறைத்திருக்கிறார். இதை உள்ளபடி எழுதினால், இதே மதிப்பெண்ணோடு வரும் நூறு பொறியாளர்களிலிருந்து அவர் தனித்துத் தெரிவார். ஐ.எஸ்.பி.யில் அவருக்கு நல்ல வாய்ப்பு உண்டு என்றே மதிப்பிட்டேன்.

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் எம்.பி.ஏ. படிப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 930 பேர் சேர்கிறார்கள். விண்ணப்பிப்போரில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல் இடம் கிடைக்கிறது என்றாலும், அந்த விகிதத்தைத் தனி மனிதருக்குப் பொருத்துவது தவறு. பல நாடுகள், பல தொழில்கள் கலந்த வகுப்பை அமைக்க விரும்புவதால், இந்தியப் பொறியாளர் முதலில் இந்தியப் பொறியாளர்களோடுதான் போட்டியிட நேர்கிறது. அங்கே 665 வலுவான எண் அன்று. பரிந்துரைக் கடிதமும் பெரிய பதவியில் இருப்பவரிடமிருந்து வருவதைவிட, அந்த டிராலியை நேரில் பார்த்த ஷிப்ட் மேலாளரிடமிருந்து வருவதே பயன் தரும். ஜனவரித் தொடக்கத்தில் முடியும் இரண்டாம் விண்ணப்பச் சுற்றுக்குள் ஜிமேட்டை மீண்டும் எழுதி மதிப்பெண்ணைக் கணிசமாக உயர்த்தினால் விண்ணப்பிக்கலாம், இல்லையேல் அந்தக் கட்டணத்தையும் உழைப்பையும் ஐ.எஸ்.பி.க்கும் பி.ஜி.பி.எக்ஸ்.க்கும் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அவர் டிராலி விவரத்தை எழுதிக்கொண்டு, ஷிப்ட் மேலாளரிடம் பேச அன்று மாலையே ஓசூர் கிளம்பினார்.