ஆசிய விளையாட்டில் இந்திய டென்னிஸ்: பாலெம்பாங்கா, ஹாங்சோவா?

பதக்க எண்ணிக்கையில் 2018-இல் இந்தோனேசியாவின் பாலெம்பாங்தான் மேல்: ஒரு தங்கம், இரண்டு வெண்கலம். 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த போட்டியில் ஒரு தங்கம், ஒரு வெள்ளி. எங்கள் கணிப்பிலும் 2018-தான் உசத்தி, காரணம் ஒற்றையர். அங்கிதா ரெய்னாவும் சென்னை பிரஜ்னேஷ் குணேஸ்வரனும் அரையிறுதி வரை போனார்கள்; அரையிறுதியில் தோற்றவர்களுக்கெல்லாம் வெண்கலம் உண்டு, அதற்கெனத் தனி ஆட்டம் கிடையாது. ஹாங்சோவில் சுமித் நாகல் காலிறுதியோடு சரி.

ஆண்கள் இரட்டையரில் 2018-இல் ரோஹன் போபண்ணா–திவிஜ் சரண் தங்கம்; ஹாங்சோவில் ராம்குமார்–சாகேத் மைனேனி வெள்ளி.

ஆனால் திருச்சி, தஞ்சாவூர் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியது ஹாங்சோ கலப்பு இரட்டையர் இறுதி. போபண்ணா–ருதுஜா போசலே முதல் செட்டை 2-6 என விட்டார்கள், அடுத்ததை 6-3 எனப் பிடித்தார்கள், டைபிரேக் 10-4. மூன்றாவது செட்டுக்குப் பதில்தான் இந்த டைபிரேக்: குறைந்தது இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு முதலில் பத்துப் புள்ளி எடுக்கணும். முதல் ஆளுக்கு ஒரு புள்ளிக்கு மட்டும் சர்வீஸ், பிறகு ஆளுக்கு இரண்டிரண்டு. ஆறு புள்ளிக்கொரு முறை பக்கம் மாறணும். தொடர்ந்து இரண்டு சர்வீஸ் புள்ளியை விட்டால் மீள்வது கஷ்டம். மண் களத்தில் பந்து நின்று வரும்; கடினத் தளமான ஹார்ட் கோர்ட்டில் சறுக்கிக்கொண்டு வரும். அதனால் ரிட்டர்னுக்கு மட்டையை முன்னமே திருப்பி, வீச்சைச் சுருக்கிப் பழகணும்.