டிபன் பாக்ஸுக்கு எந்த பிளாஸ்டிக்? பிபியா, பிசியா, டிரைட்டனா, ஏபிஎஸ்ஸா

போன மாசம் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் ஒரு சாம்பிள் டப்பாவ எடுத்துட்டு நம்ம பிளாஸ்டிக் மோல்டிங் ஷெட்டுக்கு வந்தான், கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, "அண்ணா இதே மாதிரி ஒரு லஞ்ச் பாக்ஸ் போடணும், பிசில போட்டா கிலோ என்ன ரேட்டு வரும்"னு கேட்டான். ரேட்ட அப்புறம் பேசலாம், முதல்ல அந்த டப்பா தினமும் என்னென்ன படப்போகுதுன்னு சொல்லுன்னேன். அன்னிக்கு ரெண்டு மணி நேரம் பேசினோம், அதத்தான் இங்க எழுதறேன், புதுசா ப்ராடக்ட் போடற வேற யாருக்காவது உதவும்.

நம்ம ஊர் டிபன் பாக்ஸ் படற பாடு தனி. காலைல 7 மணிக்கு ஆவி பறக்க சாம்பார் சாதம் உள்ள போகும், இல்லன்னா புளிக்குழம்பு, இல்லன்னா இட்லிப்பொடில நல்லெண்ணெய் குழைச்சு தடவின இட்லி. மத்தியானம் ஆபீஸ்ல மைக்ரோவேவ்ல வெப்பாங்க, சாயங்காலம் சோப்பு போட்டு நார்ல தேய்ப்பாங்க, நடுவுல பசங்க ஸ்கூல்ல ஒரு ரெண்டு தடவையாவது கீழ போட்டுடுவாங்க. சூடு, எண்ணெய், சோப்பு, விழுற அடி, இது நாலும் ஒரே டப்பா மேல. அதனால மெட்டீரியல தேர்ந்தெடுக்கறவன் இந்த நாலையும் வெச்சுத்தான் பாக்கணும், ஷோரூம் லைட்டுக்குக் கீழ எப்படி மின்னுதுன்னு பாத்தா மாட்டிக்குவான்.

முதல்ல அவன் கேட்ட பிசி, அதாவது பாலிகார்பனேட். அடி தாங்கறதுல இதுக்கு இணையே இல்ல, சூடும் நல்லா தாங்கும், 140 டிகிரிக்கு மேல போனாத்தான் இளகும். ஆனா சோறு போடற டப்பாவுக்கு நான் பிசி போட மாட்டேன். காரணம் பிபிஏ, பிஸ்பீனால் ஏன்னு சொல்றாங்களே அது. பிசி செய்யறதே அத வெச்சுத்தான், சூடும் சோப்போட காரமும் திரும்பத் திரும்ப பட்டா கொஞ்சம் கொஞ்சமா பிரிஞ்சு வெளிய வரும். குழந்தைங்க பால் பாட்டில்ல பிசி கூடாதுன்னு ஐரோப்பாவுல 2011லயே சொல்லிட்டாங்க, அமெரிக்காவுல 2012, நம்ம இந்திய தர அமைப்பு பிஐஎஸ் 2015. அப்புறம் 2024 டிசம்பர்ல ஐரோப்பிய ஒன்றியம் உணவு படற பொருட்கள்லயே பிபிஏ கூடாதுன்னு சட்டம் போட்டு, மாத்திக்க அவகாசமும் குடுத்துச்சு. இவ்வளவு தெரிஞ்சதுக்கு அப்புறமும் ஒரு ஸ்கூல் பிள்ளையோட டப்பாவ பிசில போட எனக்கு மனசு வரல. இன்னொண்ணு, ஓரத்துல ஸ்ட்ரெஸ், அதாவது உள் இழுவிசை நின்ன பிசி பீஸ் மேல எண்ணெயும் சோப்பும் சூடும் சேந்து பட்டா மெல்லிசா முடி மாதிரி விரிசல் ஓடும், அதுக்கப்புறம் அந்த பலமெல்லாம் காணாமப் போயிடும்.

ஏபிஎஸ்ங்கற விறைப்பான பிளாஸ்டிக் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. மேல பளபளப்பு அருமையா வரும், அளவு அசையாம நிக்கும், லெகோ கட்டை 1963லேர்ந்து இதுலதான் போடறாங்கன்னா பாத்துக்கங்க. ஆனா சாப்பாட்டு எண்ணெய்க்கும் அதுக்கும் ஆகவே ஆகாது, கொதிக்கிற குழம்பும் அது தாங்கற எல்லைக்குப் பக்கத்துல போயிடும். ஹாட் பாக்ஸ் மாதிரி சோறு படாத வெளி ஓட்டுக்கு தாராளமா போடலாம், உள்ளுக்கு வேண்டாம்.

டிரைட்டன் நல்ல மெட்டீரியல், அத நான் குறை சொல்ல மாட்டேன். ஈஸ்ட்மேன் கம்பெனி 2007ல கொண்டு வந்தது, பிபிஏ இல்லாம கண்ணாடி மாதிரி தெளிவு, கீழ விழுந்தாலும் உடையாது. தண்ணி பாட்டில் போடறதா இருந்தா கண்ண மூடிட்டு இதத்தான் சொல்லியிருப்பேன். ஆனா கொதிக்கிறத அள்ளி ஊத்தற டப்பாவுக்கு, ஊத்தற சூட்டுக்கும் அது தாங்கற எல்லைக்கும் இடைவெளி கம்மி, விலையும் பிபி பக்கத்துல வெச்சா பல மடங்கு, அதுபோக 88 டிகிரில 4லேர்ந்து 6 மணி நேரம் டிரையர்ல காய வெச்சுத்தான் மெஷின்ல போடணும். பிசிக்கும் அதே கதை, 120 டிகிரில 4 மணி நேரம். சரியா காயலன்னா பீஸ் மேல வெள்ளி வெள்ளியா கோடு ஓடும், அதக்கூட பொறுத்துக்கலாம், உள்ளுக்குள்ள பலம் போயிருக்கும் பாருங்க, அது வெளிய தெரியாது.

இப்ப பிபிக்கு வரேன். பாலிப்ரொப்பிலீன், டப்பாவ கவுத்துப் பாத்தா முக்கோணத்துக்குள்ள 5னு போட்டிருக்குமே அது. ஹோமோன்னு சொல்ற வகை 160 டிகிரிக்கு மேலதான் உருகும், கொதிக்கிற சாம்பார்லாம் அதுக்கு ஒண்ணுமேயில்ல (எண்ணெய்ச் சட்டிலேர்ந்து நேரா வடைய எடுத்து போடாதீங்க, அந்த எண்ணெய் 180 டிகிரில இருக்கும்). மைக்ரோவேவ் தாங்கும், சோப்பு ஒண்ணும் பண்ணாது, காய வெக்கற வேலையும் இல்ல, மூட்டைய பிரிச்சு மெஷின் மேல இருக்கற ஹாப்பர்ல கொட்ட வேண்டியதுதான்.

ஆனா பிபின்னு மொட்டையா சொல்லி ஆர்டர் குடுக்காதீங்க, அதுக்குள்ளயே மூணு ஜாதி இருக்கு, ஹோமோ, ரேண்டம், அப்புறம் பிபிசிபின்னு கடைல கேக்கற பிளாக் கோபாலிமர். ஹோமோ நல்லா விறைப்பா நிக்கும், ஆனா ப்ரீசர்ல வெச்சு எடுத்து கீழ போட்டா பீங்கான் மாதிரி தெறிக்கும். ரேண்டம்ல கிளாரிபையர், அதாவது தெளிவு குடுக்கற சேர்மானம் போட்ட கிரேடு வாங்கினா உள்ள இருக்கற சாதம் தெரியற அளவுக்கு தெளிவு வரும், பிசி அளவுக்கு வராது, ஆனா வீட்டுக்கு இது போதும். பிபிசிபி பால் மாதிரி மங்கலா இருக்கும், அடிக்கு மட்டும் ராஜா.

அவன் கொண்டு வந்த டிசைன்ல மூடிக்கு நாலு பக்கமும் மடக்கற கிளிப் இருந்துச்சு. அந்த மடிப்பு இந்த நாலுல பிபில மட்டும்தான் நிக்கும். கால் மில்லிமீட்டர்லேர்ந்து அரை மில்லிமீட்டர் கனம் வெச்சு, மெட்டீரியல் மடிப்ப குறுக்க கடந்து ஓடற மாதிரி கேட் (உருகின மெட்டீரியல் உள்ள போற வாய்) வெச்சு, பீஸ் மோல்டுலேர்ந்து, அதாவது அச்சுலேர்ந்து வெதுவெதுன்னு வெளிய வரும்போதே ரெண்டு தடவை மடக்கி விட்டுட்டா ஆயிரக்கணக்குல மடக்கலாம். பிசிலயோ ஏபிஎஸ்லயோ இதே கிளிப்ப போட்டா சீக்கிரமே கையோட வந்துடும்.

பிபியோட குறையையும் சொல்லணும். மஞ்சள் கறை பிடிக்கும், ஊறுகாய் வாசனை போகாது, ஏன்னா எண்ணெய கொஞ்சம் உள்ள இழுத்துக்கும், அதோட மஞ்சளும் உள்ள போயிடும். ஒரு நாள் வெயில்ல வெச்சா கறை வெளுக்கும், ஆனா தினமும் வெயில்ல போட்டா பிபியே நொறுங்க ஆரம்பிச்சிடும்.

சரி, ரேட்டு. எல்லாரும் கிலோ விலைய கேட்டுட்டு போறாங்க, டப்பா கிலோ கணக்குல ஆகறதில்ல, கன அளவுல ஆகறது. ஒரு டப்பாவுக்கு 120 கன சென்டிமீட்டர் மெட்டீரியல் வேணும்னு வெச்சுக்கங்க. பிபியோட அடர்த்தி 0.9, அதனால ஒரு பீஸ் 108 கிராம், ஒரு கிலோவுக்கு ஒம்பது டப்பா. பிசிக்கு அடர்த்தி 1.2, அதே டப்பா 144 கிராம், கிலோவுக்கு ஏழு கூட வராது. அதுமேல டிரையர் கரண்டு, மெஷின்ல மெட்டீரியல உருக்கற பேரலுக்கு 300 டிகிரி பக்கத்துல சூடு, எல்லாத்தையும் கூட்டினா வித்தியாசம் கிலோ ரேட்டுல தெரியறத விட ரொம்ப பெருசு.

இன்னொரு முக்கியமான விஷயம், மோல்டு அடிச்சதுக்கு அப்புறம் மெட்டீரியல மாத்தலாம்னு நினைக்காதீங்க. நான் ஆரம்பத்துல ஒரு பார்ட்டி கெஞ்சினாங்கன்னு பிபி மோல்டுல பிசி ஓட்டிப் பாத்தேன். பிபி நூத்துக்கு ஒண்ணரை சுருங்கும், பிசி அரை சொச்சம்தான், 150 மில்லிமீட்டர் நீளத்துல அதுவே ஒரு மில்லிக்கு மேல வித்தியாசம். உடம்பு பிசி, மூடி பிபி, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உக்காரவே இல்ல. அதுபோக மூடி கவ்வறதுக்கு இருந்த வரம்புலேர்ந்து பிபின்னா வளைஞ்சு கழண்டு வரும், பிசி விறைச்சுக்கிட்டு ஓரம் பிளந்துச்சு. மூணு நாள் மெஷின் வீணாப் போச்சு.

கடைசியா, என்ன பிபி வாங்கினாலும் பிஐஎஸ்ஸோட ஐஎஸ் 10910 தரத்தின்படி உணவுக்கு ஏத்ததுன்னு சப்ளையர்கிட்ட எழுத்துல வாங்கிக்கங்க, கலருக்காக கலக்கற மாஸ்டர்பேட்சுக்கும் தனியா கேளுங்க, பலபேர் அத மறந்துடுவாங்க. முடிஞ்ச பீஸ ஐஎஸ் 9845 மைக்ரேஷன் டெஸ்டுக்கு குடுங்க, எண்ணெயிலயும் புளிப்புலயும் எவ்வளவு கரைஞ்சு வருதுன்னு பாப்பாங்க, சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். சென்னைல கிண்டில இருக்கற மத்திய அரசோட பிளாஸ்டிக் நிறுவனம் சிப்பெட்ல கேட்டுப் பாருங்க. பழச உருக்கி செஞ்ச ரீப்ராசஸ் மெட்டீரியல் விலை கம்மின்னு யாராவது கொண்டு வந்தா, அது முன்னாடி என்ன டப்பாவா இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, சோத்து டப்பாவுக்கு வேண்டவே வேண்டாம்.

தம்பி கடைசில உடம்புக்கு கிளாரிபையர் போட்ட ரேண்டம், மூடிக்கும் கிளிப்புக்கும் பிபிசிபி, சுத்தி சிலிகான் ரப்பர்னு முடிவு பண்ணிட்டு போயிருக்கான். கிளிப் மடிப்புல பிபிசிபி லேசா வெளுத்துத் தெரியும்னு சொல்லிட்டேன், வெளிர் கலரா போடு தெரியாதுன்னு. மோல்டு ட்ராயிங் வந்துடுச்சு, கேட் எங்க வெக்கறதுன்னு இந்த வாரம் உக்காந்து பேசறோம்.