சுவிட்சுக்கு சிப் போட்டதாகச் சொல்லி 18,000 ரூபாய்: திருகோணமலையில் உள்ளவர்கள் கவனிக்கவும்

திருகோணமலை நகருக்குள், பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் போன் திருத்தும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே என் அக்காவிடம் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, நின்டெண்டோ சுவிட்ச் என்ற, கையில் பிடித்து விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி ஒன்றுக்குள், நின்டெண்டோ அனுமதிக்காத மென்பொருளையும் ஓட்டவைக்கிற சிப் போட்டதாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே சிப் இல்லை. அந்த மொடலுக்கு அது தேவையும் இல்லை. அதோடு மெமரி கார்டை மாற்றியிருக்கிறார்கள். யாரும் கேட்காத திருட்டு கேம்களை ஏற்றி, அந்தப் பெட்டி இனி ஒன்லைனுக்குப் போகவே முடியாதபடி செய்துவிட்டார்கள். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இப்போது எழுதவில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சுவிட்ச் வைத்திருக்கிற பிள்ளைகள் உவர்மலையிலும் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் எத்தனையோ பேர். அவர்களும் இப்படி ஏமாறக்கூடாது.

பெட்டி கனடாவிலிருந்து மச்சான் அனுப்பியது, 2017இல் வாங்கியது. என் மருமகன் ஓ.எல் எழுதி முடித்த பொடியன், சி மொழியில் நிரல் எழுதப் பழகுகிறான். டெவ்கிட்ப்ரோ என்ற இலவசக் கருவித் தொகுப்பை வைத்துத் தானே ஒரு சின்ன விளையாட்டு எழுதி, அதைக் கையில் பிடித்து விளையாடிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. ஹோம்ப்ரூ என்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்கிற வேலை இதுதான். காசு கொடுக்காமல் கேம் எடுக்கிற எண்ணம் அவனுக்கு இருக்கவில்லை. விலை கூடிய சாமான், வீட்டில் வைத்துக் கெடுத்துவிடக்கூடாது என்று அக்காதான் கடைக்குக் கூட்டிப்போனவ. நான் அப்போது வவுனியாவில் வேலையில் இருந்தேன்.

கடையில் மருமகன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். "அங்கிள், இது முதல் வந்த மொடல். இதுக்குச் சிப் தேவையில்லை, கேபிளாலயே செய்யலாம்." அதற்குக் கடைக்காரர் அவனைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துச் சொன்னது: "அக்கா, தம்பி யூடியூப்பைப் பாத்திட்டுக் கதைக்கிறார். சிப் போடாட்டி மதர்போர்ட் எரிஞ்சு போகும். பிறகு எங்களைக் குறை சொல்லக்கூடாது."

பொடியன் சொன்னதுதான் உண்மை. சுவிட்சுக்குள் இருப்பது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப். அது உயிர்பெறும்போது முதலில் ஓடுகிற நிரல் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டது, பிறகு மாற்ற முடியாதது. அதில் ஒரு ஓட்டை இருப்பதைக் கேட் டெம்கின் என்பவரும் ரீசுவிட்ச்ட் குழுவினரும் 2018 ஏப்ரலில் வெளியிட்டார்கள். ஃபூசே ஜெலே என்று அதற்குப் பெயர். வெளியே போய்விட்ட பெட்டிகளில் எந்த அப்டேட்டாலும் அதை அடைக்க முடியாது. 2018 நடுப்பகுதிக்குப் பின் தயாரானவற்றில்தான் நின்டெண்டோ திருத்தியது. ஆகவே 2017இல் வாங்கிய பெட்டிக்குத் தேவையானவை மூன்றே சாமான்: ஜொய்கொன் என்ற வலப்பக்கக் கைப்பிடி பூட்டுகிற தண்டில் செருகி, பெட்டியை மீட்பு நிலைக்குக் கொண்டுபோக உதவும் ஒரு சிறு பிளாஸ்டிக் ஜிக், ஒரு யூ.எஸ்.பி சி கேபிள், ஒரு கணினி. உங்களுடையது எந்த வகை என்று பார்க்க, அடியில் சார்ஜ் துளைக்குப் பக்கத்தில் உள்ள தொடர் இலக்கம் போதும். அந்த இலக்கத்தைப் பார்க்காமலே விலை சொல்கிற கடையை நம்ப வேண்டாம். இந்தக் கடையில் அதை யாரும் பார்க்கவில்லை.

பெட்டியைத் திருப்பித் தரும்போது அவர் ஒரு புத்தி சொல்லியிருக்கிறார். "ஒருக்காலும் முழுசா ஓஃப் பண்ணாதேங்கோ. ஸ்லீப்பில மட்டும் போடுங்கோ." இதை நன்றாக நினைவில் வையுங்கள். உண்மையில் சிப் பொருத்திய பெட்டியை எத்தனை தரமும் அணைத்து ஏற்றலாம், அது தானே மென்பொருளுக்குள் போகும். அணைக்கவேண்டாம் என்று சொன்னாலே, உள்ளே சிப் இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

பிறகு நடக்கவேண்டியது நடந்தது. பற்றரி இறங்கிப் பெட்டி நின்றது. மறுபடி பவர் பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரை. லோகோ இல்லை, வெளிச்சம் இல்லை. கடைக்குக் கொண்டுபோனால், உள்ளறைக்குள் எடுத்துப்போய் வந்து "போர்ட் சூடாகிட்டுது, சரி பண்ணிட்டன்" என்று 4,500 ரூபாய். திரும்பவும் சார்ஜ் தீர்ந்தால் திரும்பவும் அதே கறுப்பு, அதே காசு. கடைசியாக "போர்ட் போயிட்டுது, 25,000 ஆகும்" என்று சொன்ன அன்றுதான் அக்கா எனக்கு அழுதுகொண்டு போன் எடுத்தா.

விடுமுறைக்கு வந்ததும் பெட்டியைக் கணினியில் செருகிப் பார்த்தேன். திரை கறுப்பாகவே இருந்தது, ஆனால் கணினி அதை உடனே கண்டுகொண்டது: ஏ.பி.எக்ஸ் என்ற பெயரில், 0955:7321 என்ற அடையாள எண்ணோடு. பெட்டி சாகவில்லை என்பதற்கு இது அத்தாட்சி. ஆர்.சி.எம் என்ற மீட்பு நிலையில் நின்று கட்டளைக்குக் காத்துக்கொண்டிருந்தது. ஹெகாட்டே என்ற, பெட்டியைத் தொடக்கிவைக்கிற இலவச நிரலைக் கேபிள் வழியாக அனுப்பினேன். அடுத்த நொடியே பட்டியல் வந்தது. கருவிகள் பகுதிக்குள் போய்ப் பார்த்தால் ஆட்டோ ஆர்.சி.எம் இயக்கப்பட்டிருக்கிறது.

அந்த ஏற்பாடு என்ன செய்யும் என்றால், பெட்டியின் தொடக்கப் பகுதியில் உள்ள தகவலை வேண்டுமென்றே குழப்பி, ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் அது நேரே மீட்பு நிலையிலேயே போய் நிற்கும்படி வைக்கும். ஜிக் செருகாமல் தப்பலாம் என்பதற்காகச் சிலர் தெரிந்தே பாவிப்பார்கள். தெரியாதவர் கையில் அது கறுப்புத் திரை மட்டும்தான். அதோடு, அந்த நிலையில் திரை அணைந்திருந்தாலும் பற்றரி தீரும், சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். ஹெகாட்டேயில் அதை நிறுத்திவிட்டு மறுபடி ஏற்றினேன். சுவிட்ச் சாதாரணமாக எழும்பியது. உள்ளறையில் நடந்த "போர்ட் ரிப்பேர்" இவ்வளவுதான்: கேபிளைச் செருகி ஒரு கோப்பை அனுப்புவது.

பின்மூடியை மூன்று கால் நட்சத்திர முனைத் திருப்புளியால் கழற்றி, வெப்பத் தகட்டையும் எடுத்துப் பார்த்தோம். சிப் இல்லை, சோல்டர் பட்ட அடையாளம்கூட இல்லை. மருமகன் படம் எடுத்து வைத்திருக்கிறான். கடை கொடுத்த துண்டில் "சிப் பிட்டிங் 18,000" என்று அவர்கள் கையாலேயே எழுதியிருக்கிறது.

அடுத்தது கார்ட். மச்சான் அனுப்பியது 128 ஜிபி. உள்ளே இருந்த கார்டிலும் 128 என்றுதான் அச்சிட்டிருந்தது. கேம் ஒவ்வொன்றாகத் தரவு பழுது என்று நின்றதால் சந்தேகப்பட்டு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை நிரலை ஓட்டினோம். உண்மைக் கொள்ளளவு 8 ஜிபிக்குக் கிட்ட. போலி கார்ட் இப்படித்தான்: கணினியிடம் 128 என்று சொல்லும், எழுதுவதை எல்லாம் வாங்கிக்கொள்ளும், இடம் தீர்ந்த பிறகு போனது எல்லாம் குப்பை. எந்தக் கார்ட் வாங்கினாலும், கடைக்குக் கொடுத்துத் திரும்பி வந்தாலும், விண்டோஸில் இந்த நிரலையோ லினக்ஸில் எஃப்3யையோ ஓட்டிப் பாருங்கள். இரண்டும் இலவசம். கடைக்குப் போகமுன் கார்டைக் கழற்றி வீட்டில் வைப்பது இன்னும் நல்லது.

பாக்கப் எங்கே என்று போனில் கேட்டேன். "கார்டிலேயே போட்டிருக்கு அண்ணை" என்றார். பெட்டியின் உள்நினைவகத்தின் முழுப் பிரதி 29 ஜிபி வரும். 8 ஜிபி கார்டில் அதை எங்கே வைத்தார்? பிரதியை எடுக்கவேயில்லை, அல்லது எடுத்துத் தன்னிடம் வைத்திருக்கிறார். இரண்டாவது என்றால் எனக்கு இன்னும் பயம். அந்தப் பிரதிக்குள் ப்ரொட்இன்ஃபோ என்ற பகுதி இருக்கிறது, அந்த ஒரு பெட்டிக்கே உரிய சான்றிதழ் அதில்தான். உங்கள் வீட்டுச் சாவியின் அச்சை எடுத்து வைப்பது மாதிரி அது. தடைசெய்யப்பட்ட இன்னொரு பெட்டிக்கு அந்தச் சான்றிதழைப் போட்டுக் கொடுக்க முடியும். ஆகவே வேலை தொடங்கமுன் பிரதி எடுக்கச் சொல்லுங்கள், உங்கள் கண்முன் எடுக்கச் சொல்லுங்கள், உங்கள் கார்டில் மட்டும் வாங்குங்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் என்னைக் கோபப்படுத்தியது திருட்டு கேம் விஷயம்தான். பிள்ளை கேட்கவில்லை, அக்கா கேட்கவில்லை. "இலவசமா கன கேம் போட்டுத் தந்திருக்கு" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் இமூ எம்.எம்.சி என்ற, கார்டில் வைக்கும் நினைவகப் பிரதி எதுவும் செய்யாமல், நேரே மூல நினைவகத்தில். ஹோம்ப்ரூ செய்பவர்கள் அந்தப் பிரதியை உண்டாக்கி அதற்குள்தான் எல்லாம் செய்வார்கள். மூல நினைவகம் சுத்தமாக இருக்கும், ஒன்லைனுக்கு அதில் மட்டும் போவார்கள். இவர்கள் மூலத்தில் ஏற்றி, கடை வைஃபையிலேயே இணைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஒன்லைன் போனால் 2124-4007 என்ற பிழை எண். நின்டெண்டோ அந்தப் பெட்டியைத் தடைசெய்துவிட்டது என்று அர்த்தம். தடை கணக்குக்கு இல்லை, பெட்டிக்கு. முழுவதையும் அழித்துப் புதிதாக்கினாலும் போகாது. மச்சான் தன் காசில் வாங்கி வைத்திருந்த கேம்களைக்கூட இனி அந்தப் பெட்டியில் இறக்க முடியாது.

இதற்கு மேல் "சொப்ட்வெயார் லைசென்ஸ்" என்று வருடத்துக்கு 3,000 கேட்டிருக்கிறார்கள். ஏற்றியிருப்பது அட்மோஸ்பியர் என்ற, சுவிட்சுக்கான மாற்று மென்பொருள். அது எல்லோருக்கும் இலவசமாக, மூலநிரலோடு வெளியிடப்பட்ட மென்பொருள். ஒரு காலத்தில் அதேபோல எஸ்எக்ஸ் ஓஎஸ் என்று காசுக்கு விற்ற ஒன்று இருந்தது உண்மை. அதை விற்ற குழுவைச் சேர்ந்த கேரி பௌசருக்கு 2022 பெப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை கொடுத்தது. இன்றைக்கு லைசென்ஸ் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

சுவிட்சில் லைட், ஓலெட் மொடல்களும் 2019இல் வந்த திருத்திய மொடலும் வைத்திருப்பவர்களுக்கு உண்மையில் சிப் சோல்டர் பண்ணத்தான் வேண்டும். அது முடி அளவு கம்பியை நுண்ணோக்கியில் பார்த்து ஒட்டுகிற வேலை. செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குரிய கூலி நியாயமானது. மூடியைப் பூட்டமுன் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். உண்மையில் செய்தவர் மறுக்கமாட்டார். கடையில் வாங்கிய உடனே முழுவதும் அணைத்து ஏற்றிப் பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் துண்டை எறியாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் விபரம் சொல்வார்கள். நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தந்தே ஆகவேண்டும், அது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. நாங்கள் கொடுத்த கடிதத்தோடு துண்டின் பிரதி, மூடி திறந்த படங்கள், கார்ட் சோதனை முடிவு, பிழை எண் தெரிகிற திரையின் படம் எல்லாம் இணைத்திருக்கிறோம். கடைக்காரர் இதுவரை கார்டையும் தரவில்லை, காசையும் தரவில்லை. அக்காவைக் கண்டால் "தம்பிதான் நோண்டிக் கெடுத்திட்டார்" என்கிறார். அதிகார சபையிலிருந்து பதில் வந்ததும் என்ன நடந்தது என்று எழுதுகிறேன். அதற்கிடையில் யாருக்காவது கறுப்புத் திரை வந்து, அதே கடை போர்ட் மாற்றச் சொன்னால், காசு கொடுக்கமுன் ஒரு கணினியில் செருகிப் பாருங்கள். ஏ.பி.எக்ஸ் என்று வந்தால் பெட்டியை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.