வருடத்துக்குள் முழு வேதாகமமா, ஒரு பகுதியோடு பல நாளா?

விசுவாசத்தில் வளர வேதம் வாசிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி வாசிப்பது என்பதில்தான் ஆளுக்கு ஒரு வழி. ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தைத் திறந்து டிசம்பர் 31-க்குள் வெளிப்படுத்தலை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே சங்கீதத்தை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு தியானிப்பவர்களும் இருக்கிறார்கள். தினதியானப் புத்தகம், வாட்ஸ்அப்பில் வரும் இன்றைய வசனம், தெருவில் நடக்கும் வீட்டுக்கூட்டம் என்று வேறு வழிகளும் உண்டு. தஞ்சாவூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்துச் சபைகளில் இவை எல்லாமே நடக்கின்றன. எல்லாம் நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலையைச் செய்கிறது, எல்லாம் ஒரே பலனைத் தருவதில்லை. தினமும் 20 நிமிடம்தான் கிடைக்கும் என்றால் மெதுவான வாசிப்பைத்தான் எடுக்கச் சொல்வேன். ஆனால் முழு வேதத்தையும் ஒரு தடவையாவது கடந்து வராதவருக்கு அது பாதிப் பலன்தான் தரும்.

முதலில் வருடத் திட்டம். புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, சில நாள் நான்கு வாசித்தால் வருடத்துக்குள் முடியும். ஸ்காட்லாந்தின் டண்டியில் போதகராக இருந்த ராபர்ட் முர்ரே மெக்செயின் 1842-ல் தன் சபைக்கு எழுதிக் கொடுத்த அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தினம் நான்கு இடங்களில் வாசிக்க வேண்டும். வருட முடிவில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவையும் முடிந்திருக்கும். இதன் பெரிய லாபம், நாமாகத் திறக்கவே மாட்டாத பக்கங்களுக்கும் இது நம்மைக் கொண்டுபோகிறது. நாகூமையோ ஒபதியாவையோ தேடிப்போய் வாசிப்பவர் எத்தனை பேர்?

டெல்டாக்காரர்களுக்கு இந்தத் திட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. வரிசையாக வாசித்தால் ஜனவரி கடைசியில் லேவியராகமம் வந்துவிடும். அதே நாட்களில்தான் சம்பா அறுவடை. மிஷினுக்கு அலைய வேண்டும், மழை வருமோ என்று வானத்தைப் பார்க்க வேண்டும், கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டித் தார்ப்பாய் போட்டு ராத்திரி காவல் இருக்க வேண்டும். இந்த நேரத்தில் பலிகளையும் தீட்டுச் சட்டங்களையும் வாசிக்க உட்கார்ந்தால் நின்றுபோகத்தான் செய்யும். அதற்குப் பக்திக் குறைவு என்று பெயர் வைப்பது சரியில்லை. ஜனவரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. அறுவடை முடிந்து உளுந்தும் பயறும் நிற்கிற மார்ச் நடுவில் ஆரம்பித்துப் பாருங்கள். மே மாதம் வேதத்தின் முதல் ஐந்து புத்தகங்களான ஆகமங்கள் முடிந்துவிடும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும்போது தாவீதின் காலத்துக்கு வந்திருப்பீர்கள். குறுவை வேலை மும்முரத்தில் கதையாக வாசிக்கக் கூடிய பகுதி கையில் இருப்பது பெரிய உதவி.

இந்த வழியின் ஆபத்து, முடித்த அதிகாரத்துக்கு டிக் அடிப்பதே நோக்கமாகிவிடுவது. நேற்று வாசித்ததை இன்று கேட்டால் சொல்லத் தெரியாது. மனசைத் தொட்ட வசனத்தில் நிற்கவும் முடியாது, நாளைக்கு இன்னும் மூன்று காத்திருக்கும்.

நிற்கத் தெரிந்ததுதான் இரண்டாவது வழி. 12-ம் நூற்றாண்டில் கார்த்தூசிய மடத்துத் துறவி இரண்டாம் குய்கோ இதை நான்கு படிகளாக எழுதி வைத்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், தேவ சமுகத்தில் பேசாமல் தங்கியிருத்தல். கத்தோலிக்கரிடம் இது இன்றும் உயிரோடு இருக்கிறது. லுத்தரன் சபையாருக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. ‘எப்படி ஜெபிப்பது’ என்று கேட்ட தன் முடிதிருத்துநர் பீட்டருக்கு மார்ட்டின் லுத்தர் 1535-ல் எழுதிக் கொடுத்த ஆலோசனை அது. பத்துக் கட்டளைகளில் ஒன்றை எடு, நாலு இழை மாலையாகக் கட்டு என்கிறார் லுத்தர். இது எனக்கு என்ன கற்பிக்கிறது, இதற்காக எதற்கு நன்றி சொல்வேன், இதில் எதை அறிக்கையிட வேண்டும், என்ன கேட்டு ஜெபிக்க வேண்டும். நடுவில் ஆவியானவர் உள்ளத்தில் பேசத் தொடங்கினால் மற்றதை விட்டுவிட்டு அமைதியாகக் கேள் என்றும் சொல்கிறார்.

இதை ஒரு வசனத்தில் செய்து பார்ப்போம். லேவியராகமம் 19-ம் அதிகாரம், 13-ம் வசனம்: கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது. வருடத் திட்டத்தில் இதைக் கடக்க அரை நிமிடம் ஆகாது. இப்போது நோட்டை எடுத்து நாலு கேள்வியையும் எழுதுங்கள். கற்பிப்பது என்ன? நடவு முடிந்த அன்று சாயந்திரம் கூலியை எண்ணிக் கொடுப்பதும் ஆராதனையைச் சேர்ந்த காரியம்தான். நன்றி எதற்கு? என் வீட்டுச் சோற்றுக்குப் பின்னால் குனிந்த முதுகுகள் எத்தனையோ, அவர்களுக்காக. அறிக்கை? ‘சனிக்கிழமை வாங்கிக்கோம்மா’ என்று சுலபமாகச் சொன்ன நாட்கள். ஜெபம்? ஒரு பெயர். இன்னும் கணக்கு முடிக்காத ஒருவருடைய பெயர். அதை எழுதிய பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது, எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

கூலி உயர்வு கேட்டதற்காக 1968-ல், அதுவும் கிறிஸ்துமஸ் இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட மண் இது. அந்த வசனத்தை இந்த மண்ணில் வேகமாகக் கடந்து போவதற்கு என் மனசு ஒப்பவில்லை.

மெதுவான வாசிப்பிலும் ஒரு பள்ளம் உண்டு. விட்டால் நாம் 23, 91, 121 சங்கீதங்களிலேயே ஆயுசுக்கும் தங்கிவிடுவோம். அவை ஆறுதல் தரும், ஆனால் நம்மைக் கேள்வி கேட்கும் பக்கங்களும் வேண்டும். அதனால் பிடித்த வசனத்தைப் பொறுக்காமல் ஒரு சின்னப் புத்தகத்தை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பியர், யாக்கோபு, ரூத், நேரம் இருந்தால் மாற்கு சுவிசேஷம். இங்கேதான் வருடத் திட்டத்தில் வாசித்தது கைகொடுக்கும். கணவனை இழந்து அந்நிய நாட்டிலிருந்து வந்த ரூத், போவாஸ் என்ற நிலக்காரரின் வயலில் கதிர் பொறுக்குகிறாள். அது அவருடைய தனிப்பட்ட தயவு மட்டும் அல்ல. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்ற கட்டளை அதே லேவியராகமம் 19-ல்தான் இருக்கிறது. அதைக் கடந்து வந்தவருக்கு ரூத்தின் கதை வேறு ஆழத்தில் தெரியும். ‘பிறனில் அன்புகூருவாயாக’ என்று இயேசு எடுத்துச் சொன்னதும் அந்த அதிகாரத்து 18-ம் வசனம்தான்.

மூன்றாவது, தின வசனம். இதுவும் இன்று நேற்று வந்ததல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹுட்டில் இருந்த மொராவியச் சகோதரர்கள் என்ற புராட்டஸ்டண்ட் சபையார் நாளுக்கு ஒரு வசனம் என்ற சிறு நூலை 1731 முதல் அச்சிட்டு வருகிறார்கள். அந்தச் சகோதரர்களில் சிலர் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறினார்கள். ஊரெல்லாம் ஒரே நாளில் ஒரே வசனத்தை நினைப்பதில் ஒரு ஐக்கியம் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போதும், நாற்றங்காலில் நிற்கும்போதும் மனசுக்குள் ஓட ஒரு வரி போதும்.

ஆனால் அதையே முழு ஆகாரமாக்கக் கூடாது. புதுவருட ஆராதனையில் பலர் கைக்கு வரும் வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11. உங்கள் பேரில் நான் கொண்டிருப்பவை சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்கிறது. அதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை. பாபிலோனில் 70 வருடம் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று அங்கே இருக்கிறது. சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு எழுதின கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைக் கொண்டுபோன பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிற கடிதம். முழுதும் வாசித்தவருக்கு அந்த 11-ம் வசனம் தாமதத்தையும் தாங்கும் பலம் தரும். அட்டையை மட்டும் வாசித்தவருக்கு மார்ச்சிலேயே ஏமாற்றம் வந்துவிடலாம். எனவே வசனம் வந்தால் அந்த அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள், அவ்வளவுதான்.

ஒலி வேதாகமத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கண் மங்கின பெரியவர்களுக்கும் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் இது வரப்பிரசாதம். சுவிசேஷம் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்க இதைவிட நல்ல வழி இல்லை. தியானத்துக்கு மட்டும் ஓட்டத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

அப்புறம், கூட்டமாக வாசிப்பது. ஜெர்மன் லுத்தரன் போதகர் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1670-ல் பிராங்பர்ட்டில் வீட்டில் கூடி வேதம் வாசிக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். அந்த பக்தி இயக்கம் ஜெர்மனியின் ஹாலே நகரில் வேர் பிடித்தது. அங்கே உருவான மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கேயே அச்சாகி வெளிவந்தது. ஆக, வீட்டில் கூடி வாசிப்பதும் நம் கையில் உள்ள தமிழ் வேதமும் ஒரே வழியாக வந்து சேர்ந்தவை.

தனியாக வாசிக்கும்போது வசனம் நமக்குச் சாதகமாகவே பேசுவதுபோல் தோன்றும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் அது நடக்காது. ஆனால் நம் வீட்டுக்கூட்டங்கள் பெரும்பாலும் தெருவாரியாக நடக்கின்றன. ஒரே மாதிரி வாழ்க்கை உள்ளவர்களே கூடுகிறோம். அந்தக் கூலி வசனத்தை நிலம் வைத்திருப்பவர் ஒரு விதமாகக் கேட்பார், நாத்து நடப் போகிற அம்மா வேறு விதமாகக் கேட்பார். இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து அதை வாசிக்காதவரை அந்த வசனம் முழுசாக நம் காதில் விழவில்லை. மாதம் ஒரு முறையாவது இரண்டு தெருக்கூட்டங்களைச் சேர்த்து நடத்த உங்கள் சபை ஐயரிடம், அதாவது போதகரிடம், கேட்டுப் பாருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால் ரூத்தைச் சொல்வேன். நாலே அதிகாரம், வாரத்துக்கு ஒன்று. ஞாயிறு முழு அதிகாரத்தையும் சத்தமாக வாசியுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் நாலைந்து வசனம், லுத்தரின் நாலு கேள்வி, நோட்டில் நாலு வரி. சனிக்கிழமை இன்னொருவரோடு அதைப் பேசுங்கள். முதல் வாரமே பஞ்சத்துக்காக ஊரை விட்டுப் போன ஒரு குடும்பத்தில் தொடங்கும். தண்ணீர் வராத வருடத்தில் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிய கடைமடை வீடுகளில் அந்த அதிகாரத்தை விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.