மஷர்ஸ் சீக்ரெட் பாத மெழுகு: உறைபனிக்கால நடைக்கு உற்ற துணை

டொரொன்டோவில் உறைபனி படிந்த காலையில் நாயை நடக்க அழைத்துச் செல்பவருக்குக் குளிரைவிடப் பெரிய கவலை, நடைபாதையில் தூவப்படும் உப்புதான். சாதாரண உப்பு ஏறத்தாழ மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே பனியை உருக்கும் திறனைப் பெரிதும் இழந்துவிடுவதால், கடுங்குளிரில் கால்சியம் குளோரைடும் பயன்படுத்தப்படுகிறது. அது நீரில் கரையும்போது வெப்பத்தை வெளியிடுவதோடு, வெடித்த பாதங்களில் எரிச்சலையும் உண்டாக்குகிறது.

இந்தத் தொல்லைக்காக, பனியில் வண்டி இழுக்கும் நாய்களுக்கென்று கனடாவில் உருவாக்கப்பட்ட 'மஷர்ஸ் சீக்ரெட்' என்னும் மெழுகை இந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் லாப்ரடாருக்குப் பூசி வருகிறேன். புறப்படும் முன் பாதத்தின் அடிப்புறத்திலும் விரலிடுக்குகளிலும் மெல்லியதாகத் தடவினால், அங்குள்ள மயிரில் பனி உருண்டைகளாகத் திரள்வது வெகுவாகக் குறைகிறது. நடுவழியில் நின்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பரிதாபமாகப் பார்க்கும் வழக்கத்தையும் அவள் விட்டுவிட்டாள், அதைக் காண எவ்வளவு நிம்மதி! காலணி மாட்டினால் அடியெடுத்து வைக்கவே மறுக்கும் நாய்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

எந்த மெழுகானாலும் கடுங்குளிரைத் தடுக்காது; மைனஸ் 20ஐ நெருங்கும் நாளில் காலணியும் குறுகிய நடையுமே பாதுகாப்பு. வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் பாதங்களைக் கழுவித் துடைப்பதையும் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் ஒட்டியிருக்கும் உப்பை நக்கி விழுங்கும் நாய்க்கு வாந்தி வரக்கூடும்.